கடைவாசலில் தானே கிளம்பிய வண்டி
கியர் வண்டிகளுக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்துமுன் வணிகர்கள் அறிய வேண்டியவை

சோழவந்தான் கடைவீதியில் காலை ஆறரை மணிக்கெல்லாம் வியாபாரம் சூடுபிடித்துவிடும். கொடிக்காலிலிருந்து வந்த வெற்றிலைக் கூடைகள் ஒருபக்கம், தேங்காய் மூட்டைகள் ஒருபக்கம், மதுரைக்குப் போக வேண்டிய வாழைத்தார்கள் ஒருபக்கம் என்று வாசல் நிறைந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் நாம் அந்தக் காட்சியைக் கண்டோம்.

நமக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர், தம்முடைய சரக்கு வேனுக்குப் புதிதாக ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்தியிருந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தினால் வாசலில் நிற்கும் வண்டி உறுமும். வாடிக்கையாளர் ஒருவருக்கு அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அழுத்தினார். வண்டி உறுமியது, உறுமியதோடு நிற்கவில்லை. ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் பாய்ந்து, அடுக்கி வைத்திருந்த வெற்றிலைக் கூடைகளை நசுக்கி, திண்ணையில் முட்டி நின்றது. அந்தக் கூடைகளைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு நிமிடம் முன்னால்தான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். சேதம் வெற்றிலையோடு போயிற்று. அந்த ஒரு நிமிடம் மட்டும் முன்பின் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை.

நடந்தது என்ன? டிரைவர் தினமும் செய்வதைத்தான் அன்றும் செய்திருந்தார். வண்டியை நிறுத்தினார், முதல் கியரில் போட்டார், சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ரிமோட் பொருத்திய கடைக்காரர் ஒயர்களைச் சேர்த்துக் கொடுத்தார். கியரில் இருக்கும்போது அழுத்தக் கூடாது என்று வாயால் சொன்னதாகச் சொல்கிறார். முதலாளியோ, பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார். மூவருமே கெட்ட எண்ணம் இல்லாதவர்கள். ஆனாலும் மூவருடைய கவனக்குறைவும் ஒரே பொத்தானில் வந்து சேர்ந்துவிட்டது.

நம் உறுப்பினர்களில் பலர் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள். சிலர் கார் உதிரி பாகங்களும் அலங்காரச் சாமான்களும் விற்பவர்கள். ஆகவே வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பயன்படும் வகையில் இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கைப்பிடியிலிருந்து பொத்தான் வரை

பழைய லாரியையும் அம்பாசடரையும் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்ததை நம் மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹேண்டில் எதிர்த்து அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அந்தக் காலத்து டிரைவர் ஹேண்டிலைத் தொடுமுன் செய்த முதல் வேலை என்ன? கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று தண்டை ஆட்டிப் பார்த்ததுதான். ஏனென்றால் வண்டி பாய்ந்தால் முதலில் அடிபடப் போவது முன்னால் நிற்கும் அவரே.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1911இல் மின்சார செல்ப் ஸ்டார்ட்டரை உருவாக்கிக் காட்டினார். 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டு வந்தது. அதே 1911ஆம் ஆண்டைத்தான் நம் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் தொடக்க ஆண்டாகச் சொல்கிறார்கள். அந்தக் குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கி, சென்னை பாடியில் செல்ப் மோட்டார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. நம் ஊர்ப் பட்டறைகளில் அந்தப் பெயர் பொறித்த மோட்டாரைக் கழற்றி மாட்டாத எலக்ட்ரீஷியன் இருக்க மாட்டார்.

செல்ப் வந்தபின் டிரைவர் வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டிய அவசியம் போய், சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஆனாலும் அவர் வண்டிக்குள்ளேதான் இருந்தார். கை கியரில், கால் கிளட்ச்சில், இன்னொரு கால் பிரேக்கில். வண்டி குலுங்கினால் அடுத்த நொடியில் நிறுத்திவிடலாம். ரிமோட் ஸ்டார்ட்டரில் அந்த ஆளே இல்லை. முழு விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இந்தச் சாதனம் முதலில் பரவியது கனடா முதலிய வட அமெரிக்கப் பனி நாடுகளில். வெளியே உறைபனி கொட்டும்போது வீட்டுக்குள் இருந்தபடியே வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணாடியில் படிந்த பனி உருகியபின் போய் ஏறுவார்கள். அங்கே பெரும்பாலான கார்கள் ஆட்டோமேட்டிக். அவற்றில் ‘பார்க்’ என்று ஒரு நிலை உண்டு. அதில் போட்டால் கியர்பெட்டிக்குள் ஒரு பல் விழுந்து சக்கரத்துக்குப் போகும் தண்டைப் பூட்டிவிடும். பார்க் அல்லது நியூட்ரல் தவிர வேறு நிலையில் செல்ப் வேலை செய்யவே செய்யாது. அந்த நாட்டு வண்டிக்குச் செய்த சாதனத்தை, அந்தப் பூட்டு எதுவும் இல்லாத நம் கியர் வண்டியில் அப்படியே மாட்டுவதுதான் ஆபத்தின் வேர்.

செல்ப் மோட்டாரின் பலம்

‘பேட்டரியில் சுற்றுகிற சின்ன மோட்டார் ஒரு டன் வண்டியை எங்கே நகர்த்தப் போகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மீது எஞ்சின் நின்று போனால் என்ன செய்ய வேண்டும் என்று பழைய டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். ‘முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு, செல்ப் அடி. வண்டி ஊர்ந்து வெளியே வந்துவிடும்’ என்பார். உயிர் காக்க அன்று சொன்ன அதே உபாயம்தான் இன்று ரிமோட்டில் உயிர் வாங்கும் உபாயமாக மாறுகிறது.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். செல்ப் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். சிறிய சரக்கு வண்டியின் முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 20 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று கொள்வோம். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 10 சுற்று. டயரின் சுற்றளவு 1.75 மீட்டர் என்றால் வண்டி நிமிடத்துக்கு 17.5 மீட்டர் நகரும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ ஓர் அடி. மூன்று நொடி செல்ப் அடித்தால் மூன்றடி. வாசலில் கூடை வைத்துக் குனிந்திருப்பவருக்கும் வண்டிக்கும் நடுவே பெரும்பாலும் அந்த மூன்றடி கூட இருப்பதில்லை.

இது எஞ்சின் பிடிக்காதவரை உள்ள கணக்கு. பிடித்துவிட்டால் 800 சுற்று ஐடிலிங்கில் வண்டி மணிக்கு 4 கிலோ மீட்டருக்கு மேல் போகும். ஆள் நடக்கும் வேகம்தானே என்று எண்ண வேண்டாம். நடக்கும் ஆள் சுவரைக் கண்டால் நிற்பான், இது நிற்காது. ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடித்திருந்தால் எஞ்சின் திணறி அணைந்துவிடக்கூடும். ஆனால் டீசல் எஞ்சின் அடிவேகத்திலேயே இழுவை உள்ளது. பிரேக் சற்றுத் தளர்ந்திருந்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நம் பழக்கமே நமக்கு எதிரி

‘வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்கு’ என்பது நம் டிரைவர்களுக்கு முதல் பாடம். அது நல்ல பாடமும்கூட. பாரம் ஏற்றி ஏற்றிச் சரக்கு வண்டியின் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்துவிடுகிறது. ஆற்றங்கரைச் சரிவிலும் களத்து மேட்டிலும் நிறுத்தும்போது கியர்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அதோடு டயருக்கு ஒரு கல்லும் வைப்பார்கள்.

ரிமோட் ஸ்டார்ட்டரோ இதற்கு நேர்மாறாகக் கேட்கிறது. வண்டி எப்போதும் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிற்க வேண்டும் என்கிறது. இருபது வருடப் பழக்கம் உள்ள டிரைவர் ஒரு நாள் அசதியில் பழைய வழக்கப்படி கியரில் போட்டுவிட்டுப் போனால் போதும். ‘எங்கள் டிரைவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்’ என்பது பாதுகாப்பு ஆகாது. மனிதன் மறந்தாலும் சாதனம் மறக்காதபடி அமைப்பதே பாதுகாப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய கார்கள் பலவற்றில் கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ப் வேலை செய்யும்படி ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். கியரில் இருந்தாலும் வண்டி பாயாமல் இருக்கக் கம்பெனி செய்த ஏற்பாடு அது. ரிமோட்டில் ஸ்டார்ட் ஆக வேண்டுமானால் அந்த ஸ்விட்ச்சைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சில இடங்களில் அந்த இரண்டு ஒயர்களையும் நிரந்தரமாக முறுக்கி இணைத்துவிடுகிறார்கள். அதன்பின் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும் கூட அந்தக் காவல் இல்லை. கம்பெனி கொடுத்த பாதுகாப்பைக் காசு கொடுத்துக் கழற்றுவதற்குச் சமம் இது.

சரியான முறை: ‘தயார் நிலை’

கியர் வண்டிக்கென்றே தயாரித்த நல்ல சாதனங்களில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. அதைத் தயார் நிலை என்று சொல்லலாம். ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் டிரைவர் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்தாக வேண்டும்.

1. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுக்க வேண்டும். கிளட்ச்சிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட வேண்டும்.

2. ரிமோட்டில் உரிய பொத்தானை அழுத்த வேண்டும். இப்போது சாவியைத் திருப்பி எடுத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

3. வண்டியைவிட்டு இறங்கி, எல்லாக் கதவுகளையும் மூடிப் பூட்ட வேண்டும். அதன்பிறகே எஞ்சின் தானாக அணையும். வண்டி தயார் நிலைக்கு வரும்.

இதில் உள்ள சூட்சுமம் எளியது. எஞ்சின் ஓடுகிறது, கிளட்ச்சில் கால் இல்லை, ஆள் வெளியே நிற்கிறார், வண்டியோ நகரவில்லை. அப்படியென்றால் கியர் நியூட்ரலில்தான் இருக்க முடியும். வேறு வழியே இல்லை. அதற்குப்பின் யாராவது கியரைத் தொட வேண்டுமானால் கதவைத் திறந்துதான் உள்ளே வர வேண்டும். கதவு திறந்த கணத்தில் தயார் நிலை ரத்தாகிவிடும். பிறகு ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் வண்டி அசையாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாலும் பானட்டைத் திறந்தாலும் அப்படியே ரத்தாக வேண்டும்.

இந்த ஏற்பாடு இல்லாத சாதனத்தைக் கியர் வண்டியில் பொருத்தவே கூடாது. விலை குறைவு என்பதற்காக ஆட்டோமேட்டிக் வண்டிக்கான பெட்டியை வாங்கி, ‘நியூட்ரலில் நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி மாட்டித் தருவது சரியான வணிகம் அல்ல.

ஓட்டைகள் எங்கே?

தயார் நிலை இருந்தாலும் அதற்குள் சில ஓட்டைகள் உண்டு. அவற்றையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கதவு ஸ்விட்ச்கள். டிரைவர் பக்கக் கதவின் ஸ்விட்ச்சை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவது உண்டு. கிளீனர் இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறிக் கியர்த் தண்டில் முழங்கால் பட்டால் போதும். எல்லாக் கதவுகளும், பின்கதவு உட்பட, சேர்க்கப்பட வேண்டும்.

இரண்டாவது, கண்ணாடி. கண்ணாடியை இறக்கிவிட்டு நிறுத்தினால் வெளியிலிருந்தே கை விட்டுக் கியரை மாற்றலாம், கதவைத் திறக்கவே வேண்டியதில்லை. நம் வெயிலில் சரக்கு வண்டிகள் கண்ணாடி ஏற்றி நிற்பதே அபூர்வம். கதவே இல்லாத மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றில் இந்த முறை அடிப்படையிலேயே செல்லாது.

மூன்றாவது, ஹேண்ட் பிரேக் ஸ்விட்ச். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் பிரேக் பிடித்திருக்கிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அந்த விளக்கு, லீவர் சற்று மேலே ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. சக்கரத்தில் பிரேக் பிடித்ததா என்று அதற்குத் தெரியாது. கேபிள் தளர்ந்த வண்டியிலும் விளக்கு அழகாக எரியும். ஆகவே சாதனம் பொருத்துமுன் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, பாரத்தோடு சரிவில் நிறுத்திச் சோதிப்பது முதல் வேலை. சரிவில் நிறுத்தும் நாளில் ரிமோட்டை மறந்துவிட்டு, பழையபடி கியரில் போட்டு டயருக்குக் கல் வைப்பதே அறிவுடைமை.

நான்காவது, கைதவறி அழுத்துவது. ரிமோட் வேட்டி மடிப்பிலும் சட்டைப்பையிலும் கிடக்கும். வீட்டில் பிள்ளைகள் கையிலும் போகும். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகும் சாதனத்தைத் தவிர்த்து, இரண்டு பொத்தான்களைச் சேர்த்தோ வரிசையாகவோ அழுத்தினால் மட்டும் வேலை செய்வதைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாவது, நச்சுப் புகை. ஷட்டர் இறக்கிய கோடவுனுக்குள்ளோ வீட்டு முன்கட்டிலோ நிற்கும் வண்டி யாரும் அறியாமல் ஓடத் தொடங்கினால் கார்பன் மோனாக்சைடு நிறைந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடக்கூடும். மூடிய இடத்தில் நிறுத்துகிற வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் வேண்டாம். எங்கே நிறுத்தினாலும் 10 நிமிடத்தில் தானாக அணையும்படி நேரம் வைப்பதும் கட்டாயம்.

ஒயரிங்கில் கவனிக்க வேண்டியவை

ரிமோட் ஸ்டார்ட்டர் செய்வது சாவி செய்யும் வேலையைத்தான். சாவியைத் திருப்பும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் எந்தெந்த ஒயருக்கு எந்த வரிசையில் போகிறதோ, அதே வரிசையில் ரிலேக்கள் மூலம் கொடுக்கிறது. ஆகவே சாவி ஸ்விட்ச்சின் பின்னால் உள்ள தடித்த ஒயர்களில்தான் கைவைக்கிறார்கள். இங்கே கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது தீயை அழைப்பதற்குச் சமம். குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிக் குலுங்கி அந்த இணைப்பு தளரும், சூடாகும், உருகும். ஒவ்வொரு இணைப்பும் சால்டர் செய்து உறை போட்டதாகவோ, முறையான கிரிம்ப் கருவியில் அழுத்தியதாகவோ இருக்க வேண்டும். பேட்டரியிலிருந்து எடுக்கும் ஒயருக்குப் பேட்டரி அருகிலேயே, சாதனத்தோடு வந்த அளவிலேயே பியூஸ் போட வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று கம்பியைச் சுற்றிவைப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எஞ்சின் பிடித்தவுடன் செல்ப் விடுபட வேண்டும். அதற்கு எஞ்சின் ஓடுவதைச் சாதனம் அறிந்துகொள்ளும் ஒயர் ஒன்று உண்டு. அதைச் சேர்க்காமல் ‘இத்தனை நொடி அடித்தால் போதும்’ என்று விட்டுவிட்டால், ஓடும் எஞ்சினில் செல்ப் அரைபட்டுப் பற்கள் தேயும். டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருந்து அடிக்கும் வசதியும் வேண்டும்.

பானட் ஸ்விட்ச்சைப் பலர் தேவையில்லாத செலவு என்று தள்ளிவிடுகிறார்கள். பானட்டைத் திறந்து பெல்ட்டில் கை வைத்திருக்கும் மெக்கானிக்கின் விரல்களுக்கு அதுதான் காவல். அதோடு, சாதனத்தை முழுவதுமாக நிறுத்திவைக்கும் தனி ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். வண்டியைப் பட்டறைக்கோ வாட்டர் வாஷுக்கோ விடும்போது அதை அணைத்துவிட்டுத்தான் விட வேண்டும்.

இப்போதைய வண்டிகளின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது அருகில் இல்லாவிட்டால் எஞ்சின் பிடிக்காது. திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு அது. ரிமோட் வேலை செய்ய வேண்டுமென்று மாற்றுச் சாவியின் சிப்பை டாஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்துவிடுவது ஒரு வழக்கம். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைமேல் வைத்துவிட்டுப் போவதைப் போன்றது இது. வண்டி களவு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘இரண்டு சாவியும் எங்கே?’ என்பதே. எந்தச் சாதனம் பொருத்தினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது. வாரண்டி காலத்தில் உள்ள வண்டியானால், ஒயரிங்கில் கைவைத்ததைக் காரணம் காட்டிக் கம்பெனி கையை விரிக்கவும் கூடும்.

வண்டியைக் கையில் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

பொருத்தி முடித்தவுடன் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முன்னும் பின்னும் ஆளில்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சோதனை நேரம் முழுவதும் ஒருவர் டிரைவர் சீட்டில் கிளட்ச்சை முழுக்க மிதித்தபடியே இருக்க வேண்டும். அப்போது சாதனம் தவறு செய்தாலும் வண்டி பாயாது. தயார் நிலைக்குக் கொண்டுவரும்போது மட்டும் அவர் இறங்கிக் கதவை மூட வேண்டும்.

* தயார் நிலைக்குக் கொண்டுவந்தபின் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, ரிமோட்டை அழுத்துங்கள். எந்தக் கதவானாலும் ஸ்டார்ட் ஆகக் கூடாது.
* ஹேண்ட் பிரேக்கை இறக்கிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகக் கூடாது.
* பானட்டைத் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் ஆகக் கூடாது.
* முறைப்படி செய்யாமல் நேரடியாகச் சாவியை அணைத்து இறங்கிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகக் கூடாது.
* ரிமோட்டில் ஓடும்போது சாவி போடாமல் பிரேக்கை மிதியுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும்.
* தானாக அணையும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டியை எடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கதவு ஸ்விட்ச்சில் தூசியும் துருவும் ஏறுவது நம் ஊர்க் காற்றில் சகஜம்.

கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2014இல் மாருதி செலரியோ வந்தபிறகு இவை நம்மிடையே பரவின. மிதி இல்லை என்பதால் இவற்றை ஆட்டோமேட்டிக் என்றே எண்ணிச் சாதனம் மாட்டுவது தவறு. உள்ளே இருப்பது நம் பழைய கியர்பெட்டியும் கிளட்ச்சுமே. அவற்றை இயக்குவது மட்டும்தான் சாதனம். அவற்றில் ‘பார்க்’ கிடையாது. கியரில் போட்டு நிறுத்தும் வழக்கமும் உண்டு. கம்பெனியே தரும் ஏற்பாடு இருந்தாலன்றி அவற்றில் கைவைக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 126ஆவது பிரிவைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பொது இடத்தில் வண்டி நிற்க வேண்டுமானால், லைசென்ஸ் உள்ள ஒருவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். அல்லது எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, ஆள் இல்லாதபோது வண்டி தானாக நகர்ந்துவிடாதபடி செய்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ரிமோட்டில் ஆளில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது இதற்கு நேர் எதிரானது. அதாவது கடைவீதியில், பஸ் நிலையத்தருகே, மாட்டுத்தாவணி மார்க்கெட் வாசலில் ரிமோட்டில் வண்டியை ஓடவிடுவது சட்டத்துக்கு உட்பட்டதல்ல. சொந்தக் காம்பவுண்டுக்குள் மட்டுமே அந்தப் பொத்தானுக்கு இடம் உண்டு.

விற்பனை செய்யும் உறுப்பினர்கள் இன்னொரு சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளால் விளையும் தீங்குக்குத் தயாரித்தவரோடு நில்லாமல், விற்றவரையும் பொருத்திக் கொடுத்தவரையும் பொறுப்பாளி ஆக்க இடமளிக்கிறது. தக்க எச்சரிக்கையும் விளக்கமும் தராததும் அதில் குறையாகக் கொள்ளப்படும். ‘வாயால் சொன்னோம்’ என்பது எடுபடாது. ஆகவே வாடிக்கையாளர் கேட்டவுடன் மாட்டிக் கொடுக்காமல், கியர் வண்டியா, எங்கே நிறுத்துகிறார், யார் ஓட்டுகிறார் என்று கேளுங்கள். பயன்படுத்தும் முறையைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். மேலே சொன்ன சோதனைகளை அவர் முன்னிலையில் செய்து, இருவரும் கையெழுத்திட்ட பிரதியை பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காத வண்டி என்றால் ‘இதற்கு மாட்ட மாட்டோம்’ என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு வியாபாரம் போகும். கடையின் பெயர் நிற்கும்.

நம் கருத்து

சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறுவது அடுப்பில் ஏறுவது போலத்தான் இருக்கிறது. முன்கூட்டியே ஏ.சி. ஓடி உள்ளே குளிர்ந்திருந்தால் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சுகம் என்பதை நாம் மறுக்கவில்லை. சொந்தக் காம்பவுண்டில் நிற்கும் கார், ஒரே ஆள் ஓட்டுவது, தயார் நிலை உள்ள நல்ல சாதனம், முறையான ஒயரிங் என்ற நான்கும் சேர்ந்தால் தாராளமாகப் பொருத்திக்கொள்ளலாம்.

சரக்கு வண்டி விஷயம் வேறு. குட்டியானையோ பெரிய வேனோ, அதைப் பல கைகள் ஓட்டுகின்றன. கண்ணாடி திறந்தே கிடக்கிறது, சுற்றிலும் மூட்டை தூக்குபவர்கள் நிற்கிறார்கள், ஹேண்ட் பிரேக் தளர்ந்திருக்கிறது. எஞ்சின் சூடேற வேண்டும் என்ற காரணமும் நம் ஊருக்குப் பொருந்தாது. மார்கழிக் குளிரில்கூட அரை நிமிடம் ஓடவிட்டு மெதுவாகக் கிளப்பினால் இன்றைய எஞ்சின்களுக்குப் போதும். ஆகவே சரக்கு வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் வேண்டவே வேண்டாம் என்பதே நம் உறுதியான கருத்து. ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்கள் அதன் ஸ்டார்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, கதவுப் பூட்டுக்கு மட்டும் ரிமோட்டை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் ஹேண்ட் பிரேக் கேபிளைப் புதிதாகப் போடுங்கள்.

நம் சோழவந்தான் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெருமையைக் கூடையில் அடுக்கி நமக்குச் சுமந்து தருபவர்கள், விடியுமுன் எழுந்து கடைவாசலில் குனிந்து வேலை செய்யும் அந்தப் பெரியவரைப் போன்றவர்களே. அவர் இன்றும் அதே இடத்தில்தான் உட்கார்ந்து கூடை தைக்கிறார். ஆனால் வண்டி வாசலில் நின்றால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். முதலாளியோ, ரிமோட்டைக் கல்லாவின் அடிப்பெட்டியில் பூட்டி வைத்துவிட்டார். டிரைவர் பழையபடி சாவியோடு வந்து, கியர்த் தண்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, ஸ்டார்ட் செய்கிறார்.

வெள்ளம் வருமுன் அணை போடுவது நம் முன்னோர் காட்டிய வழி. உறுப்பினர்கள் இக்கட்டுரையைத் தங்கள் டிரைவர்களுக்கும் கடைப் பையன்களுக்கும் ஒருமுறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.